காதுகுத்து கொலுசுக்கு மணி வெச்ச சுருக்குப்பை: நிட்டிங்ல பின்றது எப்படி

நாத்தனார் குழந்தைக்கு காதுகுத்து வருது, செவ்வாப்பேட்டைல கொலுசு எடுத்தாச்சு, அதை கடை டப்பாவோட நீட்டாம கையால பின்னுன மணி வெச்ச சின்ன சுருக்குப்பைல போட்டுக் குடுக்கணும், நிட்டிங்ல அடிப்படையான ரெண்டு பின்னல், நிட்டும் பர்லும், மட்டும்தான் தெரியும், மணிய முன்னாடியே நூல்ல கோத்துக்கணுமா இல்ல பின்னி முடிச்சு மேல தைக்கணுமா, எத்தனை மணி வாங்கறது, மெல்லிசு ஊசி சேலத்துல எங்க கிடைக்கும், இதுதானே கேட்டிருக்கீங்க. நேரா பதில் சொல்லிடறேன். முன்னாடியே கோத்துக்கணும். 98 மணி போதும். ஊசி கிடைக்கலன்னா சைக்கிள் கடைக்கு போங்க. கிண்டல் பண்ணலைங்க, கீழ விவரமா சொல்றேன்.

நான் பொறந்து வளந்தது ஏற்காட்டுல. அங்க கான்வென்ட்ல சனிக்கிழமை ஆனா ஊசிவேலை கிளாஸ், ஒரு சிஸ்டர் பெஞ்சுக்கு நடுவுல நடந்துக்கிட்டே எங்க கையப் பாப்பாங்க, கண்ணி, அதாவது ஊசில நிக்கற நூல் வளையம், தளந்திருந்தா வாயத் தொறக்காம உருவி விட்டுட்டு போயிடுவாங்க, திட்டி இருந்தாக்கூட தேவலைன்னு தோணும். கிட்டத்தட்ட 1500 மீட்டர் உயரம், மார்கழில விரலெல்லாம் விறைச்சுப்போகும், அங்க ஸ்வெட்டர் பின்றதுக்கு ஒரு நியாயம் இருக்கு. கல்யாணம் ஆகி சேலம் அம்மாபேட்டைக்கு வந்தப்புறம் ஸ்வெட்டர் பின்னி யாருக்கு மாட்டறது, சித்திரைல போட்டிருக்கற ஜாக்கெட்டே உடம்போட ஒட்டிக்குது. அதனால நான் நிட்டிங்க விடாம வெச்சிருந்தது இந்த மாதிரி கையளவு சாமான்லதான், சுருக்குப்பை, மொபைல் பை, ஸ்படிக மாலை போட்டு வெக்கற பை. இப்ப வீட்டுலயே ஆரி எம்ப்ராய்டரி கிளாஸ் எடுக்கறேன், அதனால மணி சகவாசம் தினமும் உண்டு.

மொதல்ல நூலு. நிட்டிங்னாலே எல்லாரும் உல்லன் நூலுக்குத்தான் கை நீட்டுவாங்க, நீங்க வெள்ளி வெக்கப்போறீங்க, அதனால உல்லன் வேண்டவே வேண்டாம். அசல் கம்பளில கந்தகம் இருக்கு, வெள்ளிக்கும் கந்தகத்துக்கும் ஆகாது, உள்ள வெச்ச கொலுசு நாளடைவுல கறுத்துப்போகும். ரப்பர் பேண்டும் அதே கதைதான், கொலுச ரப்பர் பேண்டு போட்டு கட்டி வெச்சா அந்த எடத்துல மட்டும் கறுப்பா கோடு விழுந்திருக்கும், பாத்திருப்பீங்க. கடைக்காரங்க ரோஸ் காகிதத்துல மடிச்சுக் குடுத்ததை அப்படியே பைக்குள்ள வெச்சுடுங்க, பிரிக்க வேண்டாம். கடைல கிடைக்கற கம்பளி மாதிரி இருக்கற அக்ரிலிக்ல கந்தகம் பிரச்சனை இல்ல, ஆனா அது தடிமன், மணி ஓட்டைக்குள்ள போகவே போகாது. அதனால பருத்திதான். ஃபேன்ஸி ஸ்டோர்ல குரோஷா நூல்னு கேளுங்க, நிட்டிங் நூல்னு கேட்டா உல்லன் பந்தைத்தான் எடுத்துப் போடுவாங்க. நல்லா முறுக்கேறி பளபளன்னு இருக்கற பேர்ல் காட்டன் 5ஆம் நம்பர் கிடைச்சா ரொம்ப நல்லது. 10 கிராம் பந்துல சுமார் 45 மீட்டர் வரும், இந்த பைக்கு என் கைக்கு 40 மீட்டர் பக்கம் இழுக்குது, கயிறுக்கும் வேணும், அதனால ரெண்டு பந்தா ஒரே டைம்ல வாங்கிடுங்க. அடுத்த வாரம் போனா அதே மெரூன் இருக்கும், ஆனா அதே மெரூனா இருக்காது.

இப்ப மணி. நம்ம ஆரிக்கு வாங்கற சுகர் பீட்ஸ், அதாவது பொடி மணி, இதுக்கு ஆகாது, மொதல் தடவை எல்லாரும் பண்ற தப்பு இதுதான், அழகா இருக்கேன்னு 100 கிராம் வாங்கிட்டு வந்துடுவாங்க, அதுல ஆரி நூல் போகும், குரோஷா நூல் போகாது. மணிக்கு நம்பர் உண்டு, நம்பர் ஏற ஏற மணி சின்னது. 11ஆம் நம்பர் சுமார் 2 மில்லிமீட்டர், 8ஆம் நம்பர் 3 மில்லிமீட்டர், 6ஆம் நம்பர் 4 மில்லிமீட்டர். நமக்கு வேண்டியது 8. நம்பர் தெரியாத கடையா இருந்தா பச்சை ஜவ்வரிசி சைஸ்ல கண்ணாடி மணின்னு சொல்லுங்க, சேலத்துல யாருக்கும் ஜவ்வரிசி அளவு சொல்லித்தர வேண்டியதில்ல. போகும்போது நூல்ல ஒரு ஜான் வெட்டி கைல எடுத்துட்டுப் போங்க, கடை வாசல்லயே ஒரு மணிய கோத்துப் பாருங்க. கடைக்காரர் மொறைச்சா மொறைக்கட்டும். நூல் ரெண்டு மடிப்பா ஓட்டைல நுழையணும், ஏன்னா கோக்கும்போது மடிச்சுத்தான் இழுக்கப்போறோம். பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் பாசிமணி விக்கிறவங்ககிட்டயும் கேட்டுப் பாக்கலாம், அவங்க கை ஓட்டையத் தடவியே எந்த நூல் போகும்னு சொல்லிடும், எனக்கு அந்த அனுபவம் உண்டு.

மலிவு மணில ஒரு சங்கடம், ஒரே பாக்கெட்டுக்குள்ள ஒண்ணு குண்டா ஒண்ணு சப்பையா இருக்கும். அது ஏன்னா, இந்த சின்ன கண்ணாடி மணியெல்லாம் ஒண்ணொண்ணா உருட்டுறது இல்ல, உருகின கண்ணாடிய குழாயா நீளமா இழுத்து, அதை துண்டு துண்டா நறுக்கி, சூட்டுல கூர மழுக்கறது. நறுக்குன எடம் கொஞ்சம் முன்ன பின்ன போனா மணியும் அப்படித்தான். இந்த இழுத்து நறுக்கற வேலை நம்ம ஊர் பக்கத்து வேலைதாங்க, புதுச்சேரி கிட்ட அரிக்கமேட்டுல ரெண்டாயிரம் வருஷம் முன்னாடியே பண்ணியிருக்காங்க, திருப்பதி பக்கம் பாப்பாநாயுடுபேட்டைல அதே முறைல பின்னாலயும் பண்ணிக்கிட்டு வந்திருக்காங்க. ஜப்பான் மணி அச்சு மாதிரி ஒரே அளவா இருக்கும், ஆனா விலை ஜாஸ்தி, 98 மணிக்கு அவசியம் இல்ல. பாக்கெட்ட ஒரு தட்டுல கொட்டி, ஒரே மாதிரி இருக்கறதா 110 பொறுக்கி எடுத்துக்கங்க. தட்டுல பழைய வெல்வெட் துணிய விரிச்சுட்டு கொட்டுங்க, வெறும் எவர்சில்வர் தட்டுல கொட்டினா ஓடி ஒளியும். ஒரு தடவை தரையில சிந்தினதை சப்பாத்தி மாவு உருண்டையால ஒத்தி எடுக்கலாம்னு யாரோ சொன்னதை நம்பி எடுத்தேன், மணி எல்லாம் வந்துச்சு, அப்புறம் ஒவ்வொரு ஓட்டைலயும் மாவு காஞ்சு, குண்டூசியால குத்திக் குத்தி எடுக்க ஒரு சாயங்காலம் போச்சு.

பொறுக்குனதுல அஞ்சாறு மணிய சுடுதண்ணில கொஞ்சம் சோப்பு போட்டு வெள்ளைத் துணில முடிஞ்சு ராத்திரி ஊறப்போடுங்க. துணில கலர் ஏறுச்சுன்னா அந்த மணி வேண்டாம். இது நான் பட்டு தெரிஞ்சுக்கிட்டது. எங்க கொழுந்தனார் பொண்ணு சடங்குக்கு வெள்ளை நூல்ல செகப்பு மணி வெச்சு ஒரு பை பின்னிக் குடுத்தேன், மணி எந்தக் கடைன்னு இப்ப எதுக்கு, அந்தப் பொண்ணு வேர்த்த கையோட நாள் முழுக்க பிடிச்சிருந்துட்டு சாயங்காலம் குடுக்குது, ஒவ்வொரு மணிய சுத்தியும் ரோஸ் கலர்ல ஒரு வட்டம், அம்மை போட்ட மாதிரி. ஓட்டைக்குள்ள மட்டும் சாயம் பூசின மணி அது, கண்ணாடி கலர் இல்ல. முத்து கலர்ல வர்ற பிளாஸ்டிக் மணியும் அப்படித்தான், வேர்வை பட்டா தோல் உரியும்.

ஊசிக்கு வரேன். நமக்கு வேண்டியது 2 மில்லிமீட்டர் தடிமன், பழைய கணக்குல 14ஆம் நம்பர் ஊசி. ஸ்வெட்டர் ஊசி 8, 10, 12 நம்பர்ல சாதாரணமா கிடைக்கும், இதுலயும் நம்பர் ஏற ஏற மெல்லிசு, 14 எல்லா கடையிலயும் வெக்கறது இல்ல. ஆன்லைன்ல வாங்கலாம், காத்திருக்க முடியலன்னா சைக்கிள் போக்ஸ் கம்பி. சாதாரண சைக்கிள் போக்ஸ் கம்பி 14 கேஜ், தடிமன் சரியா 2 மில்லிமீட்டர், நமக்குன்னே செஞ்ச மாதிரி. பெரிய சைக்கிள் கம்பி கிட்டத்தட்ட ஒரு அடி நீளம் வரும். ஒரு நுனில மரை இருக்கும், இன்னொரு நுனி கொக்கி மாதிரி வளைஞ்சு தலையோட இருக்கும். மரை இருக்கற பக்கத்த கடைக்காரர்கிட்டயே வெட்டித் தரச் சொல்லிடுங்க, அது இருந்தா நூல் மாட்டி மாட்டி பிசிறாகிடும். வெட்டின நுனிய அரத்துல கூராக்கி, ரொம்ப கூர் வேண்டாம், நம்ம கோணி ஊசி மொனை மழுங்கின மாதிரி, அப்புறம் உப்புத்தாள் போட்டு உங்க கன்னத்துல இழுத்தா கீறாத அளவுக்கு தேய்ங்க. வளைஞ்ச தலைப்பக்கம் கண்ணி கழண்டு ஓடாம தடுத்துக்கும். துருப்பிடிக்காத கம்பியா கேளுங்க, நம்ம ஊர் வேர்வைக்கு மத்ததெல்லாம் ரெண்டு நாள்ல நூல்ல கறை இறக்கிடும். கை ரொம்ப வேர்க்கறவங்க கொஞ்சம் பவுடர் தொட்டுக்கங்க.

மணி கோக்கறது சுலபம். சின்ன தையல் ஊசில, மெஷின் நூல் ஒரு சாண் எடுத்து ரெண்டு நுனியையும் ஊசிக்காதுக்குள்ள விடுங்க, அப்ப கீழ ஒரு வளையம் தொங்கும். அந்த வளையத்துக்குள்ள குரோஷா நூல் நுனிய ஒரு விரல் நீளம் விட்டு மடிச்சு விடுங்க. இப்ப ஊசில மணிய எடுத்து, மெஷின் நூல் வழியா கீழ தள்ளி, மடிப்ப தாண்டி பெரிய நூலுக்கு இறக்கிடலாம், பூ கோக்கற மாதிரிதான். மடிப்பு தாண்டும்போது எந்த மணி அடம் பிடிக்குதோ அதை தூக்கி வெளிய போடுங்க, பலவந்தம் பண்ணா கண்ணாடி தெறிக்கும் இல்ல நூல் பிஞ்சு போகும். ஊசியே வேண்டாம்னா நூல் நுனில ஃபெவிகால் தடவி காயவிட்டு சாய்வா வெட்டிக்கலாம், ஷூ லேஸ் நுனி மாதிரி நிக்கும். ரெண்டு முகத்துக்கும் சேத்து 98 மணியும் ஒரேயடியா கோத்து, நூல் பந்துப்பக்கம் ஒரு கஜம் தள்ளி விட்டுடுங்க, பின்னப் பின்ன அப்பப்ப இன்னும் பின்னால தள்ளணும். பை பூரா மணி வெக்கறவங்க ஆயிரத்துக்கு மேல கோத்தா, முன்னையும் பின்னையும் ஓடி ஓடி நூல் பஞ்சாகிடும், அவங்க பாதி பாதியா கோக்கணும். உங்களுக்கு அந்த தொல்லை இல்ல.

ஏன் மேல தைக்க வேண்டாம்னு சொல்றேன்னா, தைச்ச மணி துணியோட சேந்து இழுபடாது. நிட்டிங் இழுத்தா விரியும், தையல் நூல் விரியாது, சுருக்குப்பைய சுருக்கி விரிச்சு சுருக்கி விரிச்சு பத்து நாள்ல தையல் விட்டுடும். கோத்து பின்னுன மணி நூலுக்குள்ளயே இருக்கு, நூல் அறுந்தாத்தான் மணி போகும்.

இப்ப சூட்சுமத்துக்கு வரலாம், இது புரிஞ்சா மிச்சம் எல்லாம் எண்ணிக்கைதான். நிட் போடும்போது நூல் உங்களுக்கு அந்தப்பக்கம், அதாவது ஊசிக்கு பின்னால இருக்கு. ரெண்டு கண்ணிக்கு நடுவுல போற நூல் துண்டும் பின்னாலதான் கிடக்கும். அந்த நூல் துண்டுல மணிய தள்ளினா மணி எப்பவும் உங்களுக்கு எதிர்ப்பக்கம்தான் உக்காரும். அதனால பையோட உள்பக்கம் உங்களப் பாத்துக்கிட்டு இருக்கற வரிலதான் மணி வெக்கணும், அப்பத்தான் வெளிப்பக்கம் தெரியும். எல்லா வரியும் நிட்தான், கார்ட்டர்னு சொல்வாங்களே அதுதான், பர்ல் ஒண்ணுகூட வேண்டாம். ஒத்தைப்படை வரி வெளிப்பக்கம், வெறுமனே பின்றது. ரெட்டைப்படை வரி உள்பக்கம், மணி வெக்கறது. வெளிப்பக்கத்துல ஒரு ஊக்கு மாட்டி வெச்சுடுங்க, ஊக்கு உங்க கண்ணுக்குத் தெரிஞ்சா மணியத் தொடாதீங்க. நான் ஒரு தடவை ஊக்கு மாட்டாம ஏற்காடு பஸ்ல பின்னிக்கிட்டே ஏறினேன், 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொரு வளைவுக்கும் பக்கத்து சீட்டம்மா மேல சாயறேன், மேல போய் இறங்கி பாத்தா பாதிக்கு மேல மணி பையோட உள்பக்கம் உக்காந்திருக்கு.

மணி வெக்கற அந்த ஒரு நொடிய மட்டும் நிதானமா பழகிக்கங்க. மணிக்கூட்டத்துல இருந்து ஒத்தை மணிய நகத்தால பிரிச்சு நூல்ல தள்ளிக்கிட்டே வந்து, வலது ஊசில கடைசியா பின்னுன கண்ணியோட அடியில போய் முட்டற வரைக்கும் கொண்டு போங்க. முட்டினது விரலுக்குத் தெரியும். அப்படியே வலது ஆள்காட்டி விரல் நுனிய மணி மேல வெச்சு அமுக்கிக்கிட்டே இடது ஊசில அடுத்த கண்ணிய பின்னி, பின்னுன ஒடனே நூல ஒரு வெட்டு இழுங்க. அந்த இழுப்புல மணி ரெண்டு கண்ணிக்கு நடுவுல திண்ணைல உக்காந்த மாதிரி உக்காந்துடும். இழுக்காம விட்டா மணிக்கு ரெண்டு பக்கமும் நூல் நீட்டிக்கிட்டு நிக்கும், மணி தலை குனிஞ்சு தொங்கும். பருத்தி நூல் உல்லன் மாதிரி தானா சுருங்கி சமாதானம் பண்ணிக்காது, நீங்க எப்படி விட்டீங்களோ அப்படியே நிக்கும். சில சமயம் மணி கண்ணிக்குள்ள புகுந்து இந்தப்பக்கம் எட்டிப் பாக்கும், நகத்தால அந்தப்பக்கமா தள்ளி விட்டா போதும், உருவ வேண்டாம்.

டிசைனுக்கு வேற எங்கயும் தேட வேண்டாம், வாசல்ல போடற ஊடுபுள்ளிதான். 7 புள்ளி, ரெண்டு பக்கமும் ஒண்ணு ஒண்ணா குறைஞ்சு 1ல முடியுது பாருங்க, அதே டைமண்ட். 1, 2, 3ன்னு ஏறி 7க்கு போய் திரும்ப 1க்கு இறங்கினா மொத்தம் 49 மணி, முன்பக்கம் 49 பின்பக்கம் 49. இதுல ஒரு வேடிக்கை, எத்தனை புள்ளியோ அதை அதாலயே பெருக்கினா மணிக்கணக்கு வந்துடும், ஏழேழு 49, பெரிசா 13 புள்ளி வெச்சா 169. கோலத்துக்கும் இதே கணக்குதான், எங்க அம்மாயிக்கு பெருக்கல் வாய்ப்பாடு தெரியாது, ஆனா எத்தனை புள்ளின்னா எத்தனை வரும்னு வாய் தானா சொல்லும்.

30 கண்ணி ஏத்துங்க. இந்த நூலுக்கும் ஊசிக்கும் எனக்கு 10 சென்டிமீட்டருக்கு 32 கண்ணி வருது, அப்ப அகலம் 9 சென்டிமீட்டர் சொச்சம், குழந்தை கொலுசுக்கு தாராளம். உங்க கைக்கு கொஞ்சம் கூட குறைய வந்தா கவலைப்படாதீங்க, பை என்ன ஜாக்கெட்டா அளவு தப்பினா மாட்டாமப் போக. மொதல் 8 வரி வெறும் நிட், இது வாய்க்கு மேல குஞ்சம் மாதிரி விரியற பாகம். 9ஆவது வரி கயிறு போற ஓட்டை: 2 கண்ணி பின்னுங்க, அப்புறம் நூல முன்னால கொண்டு வந்து ஊசி மேல ஒரு சுத்து போட்டு, அடுத்த 2 கண்ணிய ஒண்ணா சேத்து பின்னி, அதுக்கடுத்த 2 கண்ணிய சாதாரணமா பின்னுங்க, இந்த சுத்து, சேத்து, ரெண்டு, இதையே 7 தடவை. 7 ஓட்டை விழும், கண்ணி 30ஆவே இருக்கும், எண்ணிப் பாத்துக்கங்க. 10ஆவது வரி வெறும் நிட், அப்புறம் இன்னும் 12 வரி வெறும் நிட், ஆக மொத்தம் 22 வரி.

23ஆவது வரி சும்மா. 24ஆவது வரில 15 கண்ணி பின்னி, ஒரு மணி, மிச்சம் 15 கண்ணி. அடுத்த ஒத்தைப்படை வரி சும்மா. 26ல 14 கண்ணி, மணி, 2 கண்ணி, மணி, 14 கண்ணி. 28ல 13 கண்ணி, மணி, ரெண்டு, மணி, ரெண்டு, மணி, 13. பிடி கிடைச்சுதா, மணிக்கு மணி நடுவுல எப்பவும் ரெண்டு கண்ணி, ஓரத்துல மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒண்ணு குறையும். 7 மணி வர்ற வரில ஓரம் 9 கண்ணி. அங்க இருந்து திரும்ப ஓரம் 10, 11ன்னு ஏறி 15ல, அதாவது 48ஆவது வரில, ஒத்தை மணியோட முடியும். கண்ணிய எண்ணிக்கிட்டு மண்டைய ஒடைச்சுக்காதீங்க, வரி முடிஞ்சதும் மணிய எண்ணுங்க, போன வரி மணிக்கு நடுவுல இந்த வரி மணி உக்காந்திருக்கான்னு கண்ணால பாருங்க, ஊடுபுள்ளி தப்பினா கோலம் போட்ட கண்ணுக்கு ஒடனே உறுத்தும்.

டைமண்ட் முடிஞ்சதும் 14 வரி சும்மா, இங்கதான் பை மடியும், அடிப்பக்கம். அங்க இருந்து கண்ணாடில பாத்த மாதிரி எல்லாம் திரும்ப வரும்: 14 வரி சும்மா, அடுத்த டைமண்டு 26 வரி, 12 வரி சும்மா, ஓட்டை வரி, அதுக்கு திரும்பு வரி, 8 வரி, கண்ணி மூடிடுங்க. மொத்தம் 124 வரி. டிவி பாத்துக்கிட்டே பின்னினா எனக்கு அஞ்சாறு சாயங்காலம், உங்களுக்கு பத்துன்னு வெச்சுக்கங்க.

ரெண்டு மூணு கலர் மணி வெக்க ஆசைப்பட்டா ஒரு எச்சரிக்கை. கடைசியா கோத்த மணிதான் மொதல்ல பின்ன வரும், அதனால டிசைன தலைகீழா, முடியற எடத்துல இருந்து ஆரம்பிச்சு கோக்கணும். 1800கள்ல ஐரோப்பால பூ, வீடு, ஆளு எல்லாம் படமா வர்ற மாதிரி மணிப்பை பின்னியிருக்காங்க, குண்டூசி தடிமன் ஊசில, ஆயிரக்கணக்கான மணிய வரிசை மாறாம கோத்துட்டுத்தான் மொதல் கண்ணியவே ஏத்துவாங்க. ஒரு மணி மாறினா அதுக்கப்புறம் படம் பூரா ஒரு எட்டு தள்ளிப்போயிடும். உங்க டைமண்ட் மேலயும் கீழயும் ஒண்ணுபோலன்றதால வரிவரியா ஒரே கலர்னா பிரச்சனை இல்ல, தலைகீழா கோத்தாலும் அதேதான் வரும். நடுவுல இருக்கற ஒத்தை மணிய மட்டும் வேற கலர் வெக்கலாம், ஒரு முகத்துக்கு 24 மணி, ஒரு தங்கக்கலர், 24 மணி, அவ்வளவுதான்.

பைய மடிச்சு ரெண்டு ஓரமும் தைக்கணும். ஓரத்துல முடிச்சு முடிச்சா புடைச்சு நிக்கும்ல, இந்தப்பக்கத்து முடிச்சு ஒண்ணு, அந்தப்பக்கத்து முடிச்சு ஒண்ணு, மாத்தி மாத்தி கோத்து அதே நூல்ல இழுத்தா தையலே தெரியாது. ஓட்டை வரிக்கு நேரா வரும்போது ரெண்டு பக்கமும் ஒரே மட்டமா இருக்கான்னு பாத்துக்கங்க.

லைனிங் போடாம விடாதீங்க, நிட்டிங் பைல கொலுசு நேரா வெச்சா கொலுசு கொக்கி கண்ணில மாட்டி நூல உருவிடும், கனத்துல பையும் கீழ இழுத்துக்கிட்டு பாவக்கா மாதிரி நீளும். ஜாக்கெட் லைனிங் துணி போதும், எனக்கு இளம்பிள்ளை சேலைல வெட்டி மிஞ்சின துண்டு வெக்கப் பிடிக்கும், வாய திறந்ததும் உள்ள பளிச்சுனு தெரியும். துணி பைய, ஓட்டை வரிக்குக் கீழ இருக்கற நிட்டிங் பாகத்தை விட அரை சென்டிமீட்டர் கட்டையா தைங்க, நெறைய பேர் பெரிசா தைச்சு உள்ள திணிப்பாங்க, அது தப்பு. துணி கட்டையா இருந்தாத்தான் கனத்தை துணி தாங்கும், நிட்டிங் சும்மா மேல அழகுக்கு தொங்கும். ஓட்டை வரிக்கு கொஞ்சம் கீழ வரைக்கும் வர்ற மாதிரி வெச்சு சுத்தி கைத்தையல் போடுங்க, ஓட்டைய மறைச்சா கயிறு ஓடாது.

கயிறுக்கு அதே நூல் ரெண்டு இழை, ஒண்ணேகால் கஜம். ஒரு நுனிய ஜன்னல் கம்பில கட்டிட்டு மறு நுனில பென்சில மாட்டி முறுக்கிக்கிட்டே இருங்க, தளத்தினா தானா சுருண்டுக்கற வரைக்கும். அப்புறம் பாதியா மடிச்சு விட்டா அரணாக்கயிறு மாதிரி முறுக்கிக்கும், நுனிய ஒடனே முடிச்சு போட்டுடுங்க. இதே மாதிரி ரெண்டு. மொத்தம் 14 ஓட்டை, மொதல் கயிறு ஒரு தையல் ஓரத்துல ஆரம்பிச்சு உள்ள வெளிய உள்ள வெளியன்னு சுத்தி அதே ஓரத்துக்கு வரணும், ஓட்டை ரெட்டைப்படைன்றதால ரெண்டு நுனியும் வெளியவே நிக்கும். ரெண்டாவது கயிறு எதிர் ஓரத்துல இருந்து, மொதல் கயிறு எங்க வெளிய வருதோ அங்க இது உள்ள போற மாதிரி. ரெண்டு பக்கமும் பிடிச்சு இழுத்தா வாய் சமமா மூடும். ஒரே கயிறு போட்டா ஒரு பக்கமா சாஞ்சுக்கிட்டு மூடும், எங்க அம்மாயி வெத்தலைப் பைல ஒரே கயிறுதான், அது இடுப்புல சொருகறதுக்கு, சாஞ்சா என்ன. கயிறு நுனில பெரிய மணியும் குஞ்சமும் வெக்கலாம், ஆனா குழந்தை வீடு, கைக்கு எட்டினா நேரா வாய்க்குத்தான் போகும். நானா இருந்தா நுனில மணியே இல்லாம வெறும் முடிச்சோட விட்டு, பைய அம்மா கைல குடுத்து பீரோல வெக்கச் சொல்லிடுவேன்.

கடைசியா ஒண்ணு, பின்னிக்கிட்டு இருக்கும்போது ஒரு எடத்துல ஒரு மணி கூடுதலா விழுந்து, நாலு வரி தாண்டித்தான் கண்ணுல பட்டுச்சுன்னா உருவாதீங்க. அந்த மணி ஓட்டைக்குள்ள நூலோட சேத்து ஒரு மெல்லிசு குண்டூசிய விட்டு, மேல ஒரு துணிய மூடி, முகத்தை திருப்பிக்கிட்டு கட்டிங் ப்ளேயரால ஒரு நசுக்கு. குண்டூசி நடுவுல நிக்கறதால நூல் வெட்டுப்படாது. கண்ணாடித் தூள துணியோட சுருட்டி ஒடனே குப்பைல போடுங்க. மணி குறைஞ்சிருந்தாத்தான் உருவணும், இல்லைன்னா அந்த ஒரு எடத்துல மட்டும் தைச்சு ஒட்ட வெச்சுக்கலாம், காதுகுத்து வீட்டுல யாரும் எண்ணிப் பாக்க மாட்டாங்க.